மார்மன் மணப்பெண்ணுக்குக் கல்யாண கவுன் தேடுவது எப்படி

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்துக் கவுன் கடைகளில் 'மாடஸ்ட்', அதாவது அடக்கமானது, என்று அட்டை தொங்கும் உடைகள் ஏராளம். அவற்றில் பலவற்றை உடுத்திக்கொண்டு மார்மன் ஆலயத்துக்குள் போக முடியாது. குட்டிக் கை வைத்து, கழுத்தைக் கொஞ்சம் ஏற்றித் தைத்திருந்தாலே கடைக்காரர் அதை 'மாடஸ்ட்' கணக்கில் சேர்த்துவிடுவார். ஆலயம் கேட்பது அதைவிட ஒரு படி மேலே. இது தெரியாமல் முன்பணம் கட்டிவிட்டு, கல்யாணத்துக்கு மூன்று வாரம் இருக்கும்போது கை வைத்துத் தரச் சொல்லித் தையல்காரர்களைத் தேடி அலையும் பெண்கள்தான் அதிகம்.

கடைக்குப் போகுமுன் வீட்டிலேயே முடிவு செய்துகொள்ள வேண்டியது இது: இந்த உடை ஆலயத்துக்குள் போகப்போகிறதா, வெளியே மட்டும்தானா? பட்ஜெட், துணி, கடை எல்லாம் இதற்குப் பிறகுதான்.

ஆலயத்துக்கு உள்ளே ஓர் அளவு, வெளியே ஓர் அளவு

பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை என்பது மார்மன் சபையின் முழுப்பெயர். ஆலயத்தில் நடக்கும் அவர்களுடைய திருமணச் சடங்குக்கு 'சீலிங்' என்று பெயர். தமிழில் சபையார் முத்திரித்தல் என்பார்கள். மணப்பெண் அன்று அணியும் உடை எப்படி இருக்க வேண்டும் என்று சபையின் பொதுக் கையேட்டிலேயே, 27-ஆம் அத்தியாயத்தில், எழுதியிருக்கிறது. சாரம் இவ்வளவுதான்: உடை வெள்ளையாக இருக்க வேண்டும். வடிவமும் துணியும் அடக்கமாக இருக்க வேண்டும். பகட்டான அலங்காரம் கூடாது. ஆலயச் சடங்கைப் பெற்ற சபையார் உடைக்குள் அணியும் ஆலய உள்ளாடையை முழுவதும் மறைக்க வேண்டும். மெல்லிய துணியென்றால் லைனிங் வேண்டும். கை, முழுக்கை அல்லது முக்கால் கை. பின்னால் இழுபடும் நீளத் துணி, அதாவது டிரெய்ன், இருந்தால் அதை மடித்துத் தூக்கிக் கட்டவோ கழற்றவோ முடிய வேண்டும்.

கடைக்காரரின் 'மாடஸ்ட்' பெரும்பாலும் அடிபடுவது கை விஷயத்தில்தான். தோளை மட்டும் மூடும் குட்டிக் கை உள்ளாடையை மறைத்துவிடும். வரவேற்புக்கு அது தாராளமாகப் போதும். ஆலயத்துக்குப் போதாது. 2024 அக்டோபரில் சபை உள்ளாடைக்குக் கை குறைந்த புதிய வடிவங்களை அறிவித்ததும், கவுனுக்கும் கை வேண்டியதில்லை என்று சிலர் நினைத்துக்கொண்டார்கள். உள்ளாடை வடிவம் வேறு, ஆலயத்துக்குள் உடுத்தும் உடைக்கான கை நீளம் வேறு. இரண்டையும் போட்டுக் குழப்ப வேண்டாம்.

வெளியே நடக்கும் வரவேற்பு, மோதிரம் மாற்றும் நிகழ்ச்சி, போட்டோ ஆகியவற்றுக்குக் கை நீள விதி எதுவும் இல்லை. உள்ளாடை வெளியே தெரியாமல் இருக்க வேண்டும் என்பதே கணக்கு. தோள், மேல்முதுகு, முழங்கால் வரை மூடினால் போதும்.

ஒரே கவுனா, இரண்டு உடையா

இதற்கு மூன்று வழி. முதலாவது, ஆலய அளவுக்குப் பொருந்தும் ஒரே கவுனை வாங்கி நாள் முழுக்க அதையே உடுத்துவது. இரண்டாவது, ஆலயத்துக்குள் எளிய வெள்ளை ஆலய உடை, வெளியே வந்ததும் மணமகள் அறையில் மாற்றிக்கொண்டு கல்யாண கவுன். மூன்றாவது, ஒரே கவுன், அதன்மேல் ஆலயத்துக்குள் மட்டும் அணியத் தனியாகத் தைத்த லேஸ் மேற்சட்டை.

பணமும் நேரமும் குறைவாக இருப்பவர்களுக்கு இரண்டாவது வழியே நல்லது. ஆலய உடையை டெசரெட் புக் கடைகளிலோ சபையின் இணையக் கடையிலோ நூறு டாலருக்குள் வாங்கிவிடலாம். சில ஆலயங்களில் இரவலாகவும் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். இதைக் கேட்டதும் பல அம்மாக்களுக்கு முகம் சுருங்கும்: "கல்யாணத்தன்றைக்கு இரவல் உடையா?" சீலிங் அறைக்குள் கேமராவுக்கு அனுமதி கிடையாது. அறை சிறியது, உள்ளே வருபவர்களும் ஆலயத்துக்குள் நுழைவதற்கான பரிந்துரைச் சீட்டு உள்ள சிலர்தான். ஊரே பார்க்கும் படங்கள் ஆலய வாசற்படியில் எடுக்கப்படுபவை. உள்ளே எளிமையாக உடுத்துவதால் யாருக்கும் எந்தக் குறையும் இல்லை.

2019 மே மாதத்திலிருந்து இன்னொரு வசதியும் உண்டு. அதற்கு முன் அமெரிக்கா போன்ற நாடுகளில் சட்டப்படி வெளியே திருமணம் செய்த ஜோடி, சீலிங்குக்கு ஓராண்டு காத்திருக்க வேண்டியிருந்தது. அந்தக் காத்திருப்பை அப்போது எடுத்துவிட்டார்கள். அதனால் சபையில் இல்லாத உறவினர்களும் பார்க்கும்படி வெளியே திருமணத்தை முடித்துவிட்டு, அடுத்த நாளோ அதே வாரத்திலோ ஆலயம் செல்லும் ஜோடிகள் கூடிவிட்டார்கள். அப்படிச் செய்தால் இரண்டு உடை என்பது தானாகவே அமைந்துவிடும். கவுனுக்குக் கை வைக்கும் செலவும் மிச்சம்.

நாள் எவ்வளவு இருக்கிறது

அமெரிக்கக் கவுன் கடைகள் பொதுவாக எட்டு, ஒன்பது மாதம் முன்னதாக வரச்சொல்லும். யூட்டாவில் நிச்சயதார்த்தத்துக்கும் கல்யாணத்துக்கும் நடுவே அவ்வளவு காலம் இருப்பது அபூர்வம். மூன்று நான்கு மாதத்தில் எல்லாம் முடிந்துவிடும். ஆர்டர் கொடுத்துத் தைக்கும் கவுன் கைக்கு வரவே நான்கிலிருந்து ஆறு மாதம் ஆகும். அதன்பின் ஆல்டரேஷனுக்கு ஆறிலிருந்து எட்டு வாரம் ஒதுக்க வேண்டும்.

எட்டு மாதம் இருந்தால் ஆர்டர் கொடுக்கும்போதே கை, கழுத்து, முதுகு மாற்றங்களைத் தயாரிப்பாளரிடம் சொல்லித் தைக்கச் சொல்லலாம். இதுதான் மிகச் சுத்தமாக அமையும். மூன்று மாதம் என்றால் கடையில் தொங்கும் உடையையே அப்படியே வாங்கித் தையல்காரரிடம் கை வைத்துக்கொள்ள வேண்டும். ஆறு வாரம்தான் என்றால் ஏற்கெனவே முக்கால் கை உள்ள கவுனை வாடகைக்கோ, பழைய உடையாகவோ எடுங்கள். ஆறு வாரத்தில் கை வைத்துத் தருகிறேன் என்று சொல்பவரை நம்பிக் கையில்லாத கவுனை வாங்க வேண்டாம். அவர் தைத்துத் தந்துவிடுவார்தான். சரியில்லை என்றால் பிரித்துத் தைக்க நாள் இருக்காது.

எங்கே தேடுவது

தேடும்போது எந்தச் சொல்லைப் போடுகிறோம் என்பது முக்கியம். 'மாடஸ்ட்' என்று மட்டும் போட்டால் குட்டிக் கை உடைகளே வந்து குவியும். 'டெம்பிள் ரெடி', அதாவது ஆலயத்துக்கு ஏற்றது, என்று கேட்டால் சால்ட் லேக், புரோவோ பக்கத்துக் கடைக்காரர்களுக்கு உடனே புரியும். யூட்டாவுக்கு வெளியே உள்ள கடைகளில் அந்தச் சொல் செல்லாது. அங்கே "முக்கால் கை, முழு லைனிங், மூடிய முதுகு, வெள்ளை" என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக் கேட்க வேண்டும்.

யூட்டாவையே தலைமையிடமாகக் கொண்ட மேகி சொட்டெரோ, தனியாக மாடஸ்ட் வரிசை வைத்திருக்கும் அல்லூர், மோன் செரி ஆகியவை பல கடைகளில் கிடைக்கும் பெயர்கள். ஆலய உடையிலிருந்து தொடங்கிக் கல்யாண உடை வரை தைக்கும் ஒயிட் எலிகன்ஸ் போன்ற உள்ளூர் நிறுவனங்களில் கை, லைனிங் பற்றி விளக்கவே வேண்டியதில்லை. ஆனால் அவர்களுடைய வடிவங்கள் சிலருக்குச் சாதுவாகத் தோன்றும்.

பழைய கவுனுக்கு யூட்டாவைப் போல வசதியான இடம் வேறு இல்லை. கேஎஸ்எல் என்ற உள்ளூர் வரி விளம்பரத் தளத்தில் ஒருமுறை உடுத்திய கவுன்கள் வரிசையாக வந்துகொண்டே இருக்கும். அவற்றில் பல ஏற்கெனவே கை வைக்கப்பட்டவை. யாரோ ஒரு பெண் நீங்கள் படப்போகும் பாட்டை முன்பே பட்டு முடித்திருக்கிறாள். "ஆலயத்துக்குள் உடுத்தியதா?" என்று விற்பவரிடம் நேராகக் கேளுங்கள். ஆம் என்றால் பாதி வேலை முடிந்தது. சபை நடத்தும் டெசரெட் இண்டஸ்ட்ரீஸ் பழம்பொருள் கடைகளிலும் கவுன்கள் கிடைக்கும். அங்கே அளவு அமைவது அதிர்ஷ்டம்.

வாடகைக் கடைகளில் ஒன்றைக் கேட்டுக்கொள்ள வேண்டும்: என்னென்ன மாற்றலாம்? பெரும்பாலும் கீழ்மடிப்பைத் தற்காலிகமாக ஏற்றித் தைக்க விடுவார்கள், துணியை வெட்ட விடமாட்டார்கள். கை இல்லாத கவுனை வாடகைக்கு எடுத்துப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்ற கணக்கு அங்கே பலிக்காது.

யூட்டாவிலிருந்து தூரத்தில் இருப்பவர்களுக்கு ஒரு யோசனை. ஆர்த்தடாக்ஸ் யூதப் பெண்களுக்காகத் தைக்கும் 'ஸ்னியுஸ்' வகைக் கவுன்களைத் தேடுங்கள். கழுத்தெலும்பு மூடியிருக்கும், கை முழங்கையைத் தாண்டியிருக்கும், லைனிங் ஒழுங்காக இருக்கும். நியூயார்க், நியூ ஜெர்சி பக்கம் இதற்கென்றே கடைகள் உண்டு. நிறமும் அலங்காரமும் மட்டும் பார்த்து எடுத்தால் மார்மன் ஆலயத்துக்கும் இவை பெரும்பாலும் பொருந்திவிடும். முஸ்லிம் மணப்பெண்களுக்கான வெள்ளைக் கவுன்களும் அப்படித்தான், ஆனால் அவற்றில் மணி வேலைப்பாடு சற்று அதிகம்.

மலிவு இணையத் தளங்களில் படம் ஒன்றாகவும் வரும் பொருள் ஒன்றாகவும் இருப்பது எல்லோருக்கும் தெரிந்ததே. இங்கே கூடுதல் ஆபத்து ஒன்று உண்டு. படத்தில் கெட்டியாகத் தெரியும் லேஸ் கை, நேரில் வெறும் நெட் துணியாக வந்து நிற்கும். வாங்கத்தான் வேண்டும் என்றால் கையின் உட்புறத்தைப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அனுப்பாதவரிடம் வாங்க வேண்டாம்.

இந்தியாவில் பெங்களூருவுக்கு ஓர் ஆலயம் 2018-இல் அறிவிக்கப்பட்டு, 2020 டிசம்பரில் அடிக்கல் நாட்டப்பட்டது. இங்கே உள்ள சபைப் பெண்களுக்குக் கவுன் தைப்பது எளிது. கிறிஸ்தவக் கல்யாண கவுன் தைத்துப் பழகிய தையல்காரர்களுக்கு முழுக்கையும் மூடிய முதுகும் புதிதல்ல. பகட்டு வேண்டாம் என்பதைத்தான் நாலு தடவை சொல்ல வேண்டியிருக்கும்.

கடைக்கு எதை உடுத்திக்கொண்டு போவது

தரிப்பித்தல் என்ற ஆலயச் சடங்கைப் பெற்றுக்கொண்டவர்களுக்கு உள்ளாடை ஏற்கெனவே இருக்கும். அதை உடுத்தியே கவுனைப் போட்டுப் பார்க்க வேண்டும். பல பெண்கள் கல்யாணத்துக்குச் சில வாரம் முன்புதான் அந்தச் சடங்கைப் பெறுகிறார்கள். கவுன் வாங்கும்போது அவர்களிடம் உள்ளாடை இருக்காது. அதற்குப் பதிலாகக் குட்டிக் கை வைத்த, வட்டக் கழுத்து வெள்ளை டீ சர்ட் ஒன்றும் முழங்கால் வரை வரும் ஷார்ட்ஸ் ஒன்றும் போட்டுக்கொண்டு போங்கள். டீ சர்ட்டின் ஓரம் கவுனுக்கு வெளியே எங்கே எட்டிப் பார்க்கிறதோ அங்கெல்லாம் வேலை இருக்கிறது என்று அர்த்தம்.

உள்ளாடை புனிதமாகக் கருதப்படுவது. கடை ஊழியர்களுக்கு முன்னால் அதோடு நிற்க வேண்டியதில்லை. தனி அறை கேளுங்கள், உடுத்திவிட அம்மாவோ அக்காவோ கூட வரட்டும். தையல்காரரிடம் "இந்த இடம் வரை மூட வேண்டும்" என்று குண்டூசி குத்திக் காட்டினால் போதும், விளக்கம் தேவையில்லை.

கல்யாண கவுன் அளவு, சாதாரண உடை அளவைவிட ஒன்றிரண்டு எண் கூடுதலாக வரும். வழக்கமாக 8 போடுபவருக்கு 10 அல்லது 12 பொருந்தும். எண்ணைப் பார்த்து மனம் கலங்க வேண்டாம். மார்பு, இடுப்பு, பின்புறம் மூன்றில் எது பெரிதோ அதற்குப் பொருந்தும் அளவை எடுத்து மற்றதைப் பிடித்துக்கொள்ள வேண்டும். உள்ளே கூடுதலாக ஒரு துணி வரப்போகிறது என்பதால் இறுக்கமான அளவு கூடவே கூடாது. துணியைப் பிடித்துத் தைப்பது எளிது. தையலுக்குள் மிச்சத் துணி இல்லாத கவுனைத் தளர்த்த முடியாது.

வெள்ளையா, ஐவரியா

கடையின் மஞ்சள் விளக்கில் ஐவரி என்ற தந்த நிறமும் வெள்ளையாகத்தான் தெரியும். ஒரு வெள்ளைத்தாளை எடுத்துக்கொண்டு போய், உடையை வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஷாம்பெயின், பிளஷ் என்ற பெயர் போட்டவை ஆலயத்துக்கு ஆகாது. மேலே வெள்ளை லேஸும் உள்ளே தோல் நிறத் துணியும் கொண்ட கவுன்களை இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டும். துணி மூடியே இருந்தாலும், பார்ப்பவருக்கு உடம்பு தெரிவதுபோலத் தோன்ற வேண்டும் என்றுதான் அதை அப்படித் தைக்கிறார்கள். ஆர்டர் கொடுக்கும்போதே உள்துணியை வெள்ளையாக மாற்றச் சொல்லலாம். தைத்து முடித்த பிறகு மாற்றுவது, உடையை முழுதாகப் பிரித்துத் தைக்கும் வேலை.

மெல்லிய ஐவரியைப் பற்றிச் சந்தேகம் இருந்தால் சீலிங்குக்கு நேரம் பதிவு செய்யும்போது அந்த ஆலயத்தையே போனில் கேட்டுவிடுங்கள். தோழி வேறொரு ஆலயத்தில் உடுத்தினாள் என்பது பதிலாகாது.

துணியைப் பொறுத்தவரை மிக்காடோ என்ற கெட்டிப் பட்டு வகை, கெட்டிச் சாட்டின் இரண்டும் நின்று கொடுக்கும், உள்ளே என்ன இருந்தாலும் வெளியே காட்டாது. கிரேப் படங்களில் அழகு; ஆனால் உடம்போடு ஒட்டும், உள்ளாடையின் தையல் கோடு தொடையில் பளிச்சென்று தெரியும். கிரேப்பில்தான் ஆசை என்றால் அடியில் வழுக்கும் துணியில் உள்பாவாடை ஒன்று அவசியம். ஷிஃபானுக்கு இரண்டு அடுக்கும் லைனிங்கும் வேண்டும்.

கை வைப்பது

அதிகம் கெடுவதும் அதிகம் செலவாவதும் இங்கேதான். கையில்லாத கவுனில் அக்குள் வளைவு, அதாவது ஆர்ம்ஹோல், கீழே இறங்கி, தோளில் உள்ளே வெட்டியிருக்கும். கை சேர்க்க அங்கே துணி கிடையாது. அதில் அப்படியே கையைப் பொருத்தினால், கையைத் தூக்கியதும் கவுனின் உடம்புப் பகுதி முழுக்க மேலே ஏறும். அக்குள் இறங்கிய ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு பரணில் இருந்து பாத்திரம் எடுத்துப் பார்த்தவர்களுக்கு இது புரியும். நல்ல தையல்காரர் முதலில் தோளையும் அக்குளையும் துணி சேர்த்து மேலே கொண்டுவருவார். பிறகுதான் கையை வைப்பார். அக்குளில் வைரவடிவச் சிறு துண்டு ஒன்று சேர்த்தால் கை தாராளமாக ஏறும். "கையைப் பொருத்துமுன் ஆர்ம்ஹோலை ஏற்றுவீர்களா?" என்று கேளுங்கள். கேள்வியே புரியாதவரிடம் கொடுக்க வேண்டாம்.

ஆகவே எந்தக் கவுனை எடுக்கிறோம் என்பது முக்கியம். தோளில் குறைந்தது இரண்டு அங்குலப் பட்டியும், மூடிய அல்லது கிட்டத்தட்ட மூடிய முதுகும் இருந்தால் கை வைப்பது நடக்கிற காரியம். தோளே இல்லாத கவுன் என்றால் மார்புக்கு மேலே முன்னும் பின்னும் ஒரு முழு மேற்பகுதியைக் கட்டி எழுப்ப வேண்டும். அந்தச் செலவில் வேறு கவுனே வாங்கிவிடலாம். தள்ளுபடியில் கிடைத்தது என்று ஏமாற வேண்டாம். இடுப்பு வரை இறங்கிய முதுகும் அப்படியே.

துணியைக் கவுனோடு சேர்த்து ஒரே ஆர்டரில் வரவழைக்க வேண்டும். பிறகு வாங்கினால் சாயம் ஒத்துப்போகாது. வெள்ளையிலேயே நீலம் கலந்தது, மஞ்சள் கலந்தது என்று பேதம் உண்டு, படத்தில் கை மட்டும் தனியாகத் தெரியும். 54 அங்குல அகல லேஸில் முக்கால் கை இரண்டுக்கு முக்கால் கெஜமே கணக்குக்குப் போதும். ஆனால் பூ வேலை இரண்டு கையிலும் ஒரே இடத்தில் விழ வேண்டும், ஓரத்து வளைவு கை முனையில் வர வேண்டும் என்றால் ஒன்றரை கெஜம் வேண்டும். கழுத்தும் முதுகும் ஏற்ற வேண்டியிருந்தால் இரண்டு கெஜமாக வாங்கிவிடுங்கள். லைனிங் துணி ஒரு கெஜம் தனி.

முக்கால் கையின் நீளத்தைக் கையை நீட்டி வைத்து அளக்கவே கூடாது. முழங்கையை மடித்தால் கை ஒன்றிலிருந்து ஒன்றரை அங்குலம் வரை மேலே ஏறிவிடும். நின்றபடி சரியாக இருந்தது, கை கோத்து உட்கார்ந்ததும் அரைக்கையாகிவிடும். முழங்கையை மடித்து வைத்து, முழங்கைக்கும் மணிக்கட்டுக்கும் நடுவே வரும்படி குறியுங்கள். அகலத்துக்கு மேல்கையின் சுற்றளவோடு ஒன்றரையிலிருந்து இரண்டு அங்குலம் தளர்வு சேர்க்க வேண்டும். லேஸ் இழுபடாது, உள்ளாடையின் கையும் லைனிங்கும் உள்ளே இருக்கும். இறுக்கிப் பிடித்தால் மதிய விருந்துக்குள் அக்குள் தையல் விட்டுவிடும்.

லைனிங் கை முனை வரை போக வேண்டும். பாதி வரை லைனிங் வைத்துக் கீழே வெறும் லேஸாக விடுவது இப்போதைய மோஸ்தர். ஆனால் ஆலயக் கணக்கில், லைனிங் முடியும் இடத்தோடு கையும் முடிந்துவிட்டதாக எடுத்துக்கொள்ள நேரலாம்.

கவுனை வெட்ட மனமில்லாதவர்களுக்கு மேற்சட்டை வழி இருக்கிறது. அதே லேஸில், முழு லைனிங்கோடு, இடுப்பு வரை வரும் முக்கால் கைச் சட்டை. உள்பக்கம் இரு தோளிலும் பக்கவாட்டிலும் டிச் பட்டன் வைத்துக் கவுனோடு பிடித்துவிட்டால் இடம் மாறாது. இந்தப் பட்டன்களை வைக்காததால் சட்டை பின்னால் வழிந்து கழுத்தை இழுப்பது வழக்கமான கோளாறு. கவுனுக்குள் வெள்ளை டீ சர்ட் போட்டு ஒப்பேற்றும் பழக்கமும் உண்டு. பருத்தி டீ சர்ட்டின் மங்கல் வெள்ளைக்கும் சாட்டினின் மினுக்குக்கும் ஒட்டவே ஒட்டாது. வேறு வழியே இல்லையென்றால் மட்டும்.

அறைக்குள் செய்து பார்க்க வேண்டியவை

சீலிங்கில் மணமக்கள் ஒரு பீடத்துக்கு இருபுறமும் எதிரெதிரே மண்டியிடுவார்கள். ஆகவே கவுனைப் போட்டதும் கண்ணாடிமுன் நின்று பார்த்ததோடு விடாமல், தரையில் மண்டியிட்டு எழுந்து பாருங்கள். பாவாடையின் முன்பக்கம் முழங்காலுக்கடியில் சிக்கி, எழும்போது இடுப்பில் இழுக்கிறதா? முன்மடிப்பு தரையிலிருந்து அரை அங்குலமாவது உயரே இருந்தால் சிக்காது. மீன்வால் வடிவக் கவுனில் மண்டியிடுவதே சிரமம். வளையம் வைத்த உள்பாவாடை மண்டியிட்டதும் பின்னால் கூடாரம் போலத் தூக்கும். ஆலயத்துக்குள் அதைக் கழற்றிவிடுவதே நல்லது, ஆனால் கழற்றினால் கவுன் தரையில் புரளும். அதனால் மடிப்பை எந்த நிலையில் அளக்கிறோம் என்பதை முதலிலேயே முடிவு செய்துகொள்ள வேண்டும்.

ஆலயத்துக்குள் கவுனுக்கு மேலே சடங்கு உடைகளும் அணிய வேண்டியிருக்கும். தோளில் மணிக்குவியலோ, இடுப்பில் பெரிய பூவோ, உயரக் காலரோ இருந்தால் அவை சிக்கி உறுத்தும். பகட்டு வேண்டாம் என்ற விதிக்குப் பின்னால் இந்தச் சங்கடமும் இருக்கிறது.

பிறகு முன்னால் குனியுங்கள். கழுத்து விலகுகிறதா என்று எதிரே நிற்பவர் சொல்லட்டும். இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்குங்கள். உட்காருங்கள். கடைசியாக, ஜன்னல் வெளிச்சத்துக்கு முதுகு காட்டி நின்று, முன்பக்கமிருந்து ஒரு போட்டோ எடுக்கச் சொல்லுங்கள். பாவாடை வழியாகக் கால் நிழல் தெரிந்தால் உள்ளே இன்னோர் அடுக்கு வேண்டும். உள்ளே நிற்கும்போது தெரியாத இது, ஆலயப் படிக்கட்டில் வெயில் பின்னால் அடிக்கும்போது படத்தில் விழுந்துவிடும்.

டிரெய்னைத் தூக்கிக் கட்டுவது

தூக்கிக் கட்டும் ஏற்பாட்டுக்கு 'பஸ்ல்' என்று பெயர். கவுனோடு வராது, தையல்காரர் தனியாக வைத்துத் தர வேண்டும். இரண்டு வகை. வெளிப்பக்கம் பின் இடுப்பில் பட்டன், டிரெய்னில் வளையம். தூக்கி மாட்டினால் முடிந்தது. இன்னொன்றில் பாவாடையின் உள்ளே ரிப்பன்கள் ஜோடி ஜோடியாக இருக்கும். அவற்றை முடிச்சுப் போட்டால் துணி உள்ளே மடிந்து அழகாக நிற்கும். முதலாவது வேகம், இரண்டாவது அழகு. ஆலயத்தில் மணமகள் அறையில் அவசரத்தில் கட்டப்போவது அம்மாவோ அக்காவோதான் என்பதால் முதலாவதே புத்திசாலித்தனம். ரிப்பன் வகைதான் என்றால் ஒவ்வொரு ஜோடிக்கும் ஒரு நிற நூலால் அடையாளம் வைக்கச் சொல்லி, கடைசி ஃபிட்டிங்குக்குக் கட்டப்போகிறவரையே அழைத்துப் போய், செல்போனில் வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள்.

சாட்டின், மிக்காடோ டிரெய்ன் கனமானவை. மூன்று வளையத்தில் தொங்கவிட்டால் மாலைக்குள் ஒன்று அறுந்துவிடும். குறைந்தது ஐந்து வையுங்கள். நூல் வளையத்துக்குப் பதில் துணி நாடா வளையமாக இருக்கட்டும். பட்டன் தைக்கும் இடத்தில் உள்ளே சிறு துணித்துண்டு வைக்கவில்லை என்றால் கவுனே கிழியும். இந்தத் தொல்லையே வேண்டாம் என்பவர்களுக்குக் கழற்றும் டிரெய்ன் அல்லது மேல்பாவாடை. இடுப்பில் கொக்கிகளால் மாட்டி, ஆலயத்துக்கு வெளியே மட்டும் அணிந்துகொள்ளலாம்.

அன்றைய பை

ஆலயத்துக்குச் சொன்ன நேரத்துக்குள் போய்ச் சேருங்கள். உடையில் குறை இருந்தால் சரி செய்ய நிமிடங்கள் வேண்டும். கழுத்தோ முதுகோ இறக்கமாக இருந்தால் மறைக்கச் சில ஆலயங்களில் உள்ளே வைக்கும் வெள்ளைத் துணித் துண்டுகள் வைத்திருப்பார்கள். அதை நம்பிப் போக வேண்டாம், உங்கள் கவுனின் துணியோடு அது சேராது. பூக்கள் வெளியே நிற்பவரிடம் இருக்கட்டும், சடங்கின்போது அணிவதற்கில்லை. மாப்பிள்ளைக்கு டக்சீடோவும் சட்டைப்பூவும் வெளியேதான்.

பையில் வெள்ளை நூல் கோத்த ஊசி, பத்துப் பதினைந்து சேஃப்டி பின், குட்டி கொக்கி ஊசி இருக்கட்டும். முதுகில் வரிசையாகத் துணிப் பட்டன் இருந்தால் அந்தக் கொக்கி ஊசி இல்லாமல் ஒவ்வொரு வளையத்தையும் விரலால் மாட்டப் பெரும்பாடு. மேலே பட்டன் போலத் தைத்து உள்ளே ஜிப் வைத்த கவுன் என்றால் அந்தக் கவலையும் இல்லை. எளிய வெள்ளைச் செருப்பு, மாற்று உள்பாவாடை, வெளியே உடுத்தும் கவுனுக்கான உறை.

கல்யாணம் முடிந்ததும் கவுனைப் பெட்டியில் போட்டுவிடாமல் சில வாரத்துக்குள் உலர் சலவைக்குக் கொடுத்துவிடுங்கள். சிந்திய சர்க்கரைப் பானமும் கேக் கிரீமும் அன்றைக்குக் கண்ணுக்குத் தெரியாது. மாதங்கள் போனால் பழுப்பாக ஏறி நிற்கும். விற்பதாக இருந்தால் விளம்பரத்தில் கையின் நீளம், லைனிங் எதுவரை, பஸ்ல் எந்த வகை என்ற மூன்றையும் எழுதி, கையின் உட்புறப் படத்தையும் போடுங்கள்; அடுத்து வாங்கும் பெண் கேட்கப்போவது அவற்றைத்தான்.